எல்எல்சிக்குக் கொடுத்த பணம்: யாருக்கு 1099 அனுப்ப வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எடிசன்_சமையற்கட்டு | 2026 ஜனவரி 6

வணக்கம். நியூஜெர்சி, எடிசனில் ஒரு சிறிய உணவகத்தின் கணக்கைப் பற்றிய கேள்வி. விஷயம் 1099, அதாவது வெளியாட்களுக்குக் கொடுத்த பணத்தை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் பணம் வாங்கியவருக்கும் தெரிவிக்கும் படிவம். எங்கள் நிறுவனம் எஸ் கார்ப் (லாபத்துக்கான வரி உரிமையாளர்கள் கணக்கில் போகும் கார்ப்பரேஷன்). சம்பளப் பட்டியலில் 6 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஊழியர் சம்பளப் படிவமான டபிள்யூ-2 போகிறது. 2025ல் வெளியாட்களுக்குக் கொடுத்தவை இவை:

1. எக்ஸாஸ்ட் ஹூட் சுத்தம் செய்யும் எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்): 4,200 டாலர், செக். இதில் புது ஃபில்டர்களுக்கு மட்டும் 900. டபிள்யூ-9 (பணம் வாங்குபவர் தன் பெயர், வரி எண், வரி வகையை எழுதித் தரும் படிவம்) கேட்டும் வரவில்லை.
2. ஃபிரீசர் மெக்கானிக், எல்எல்சி: 1,850, செல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை மூலம். டபிள்யூ-9ல் முதல் வரியில் எல்எல்சி பெயர், டிக் போட்டிருப்பது தனிநபர் கட்டத்தில்.
3. பிளம்பர், எல்எல்சி: 2,300, செக். டபிள்யூ-9ல் எல்எல்சி கட்டத்தில் டிக், பக்கத்தில் எஸ் என்ற எழுத்து.
4. கடை வாடகை: மாதம் 5,400, மொத்தம் 64,800, செக். உரிமையாளர் எல்எல்சி, எழுத்து பி.
5. வழக்கறிஞர், பி.சி. (தொழில்முறைக் கார்ப்பரேஷன்): 2,500, செக்.
6. மெனு கார்டு வடிவமைத்தவர், தனி ஆள்: 700 கிரெடிட் கார்டில், 500 செக்கில்.
7. காய்கறி மொத்த வியாபாரி, எல்எல்சி: சுமார் 38,000.
8. கோயம்புத்தூரில் இருந்து வெப்சைட் செய்து கொடுத்தவர்: 3,000, வயர்.
9. தோசை மாஸ்டர்: வாரம் 900, செக். அவர் சொந்தமாக எல்எல்சி வைத்திருக்கிறார், அந்தப் பெயரில்தான் செக்.

எல்எல்சி என்றால் கம்பெனி, அதனால் 1099 தேவையில்லை என்று ஒருவர் சொல்கிறார். எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், தப்பில்லை என்று இன்னொருவர். எது சரி?

---

பேரேடு

இரண்டுமே சரியில்லை. எல்எல்சி என்பது மாநிலச் சட்டம் தருகிற ஒரு பதிவு, அவ்வளவுதான். வருமான வரிச் சட்டத்தில் எல்எல்சி என்று ஒரு வகையே கிடையாது. ஒரே எல்எல்சி வரிக்கணக்கில் நான்கு விதமாக இருக்கலாம்: ஒரே உரிமையாளர் இருந்தால் எல்எல்சியையே கணக்கில் எடுக்காமல் உரிமையாளராகவே பார்ப்பார்கள், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் பார்ட்னர்ஷிப், விண்ணப்பித்திருந்தால் எஸ் கார்ப் அல்லது சி கார்ப் (தானே வரி கட்டும் கார்ப்பரேஷன்). முதல் இரண்டுக்கும் 1099 உண்டு. பின்னிரண்டுக்கும், சில விலக்குகள் தவிர, இல்லை. கதவில் தொங்கும் பலகையைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. டபிள்யூ-9ல் எந்த வகை என்று டிக் போடும் இடமான 3ஏவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெயரை வைத்தே முடிவு செய்ய ஒரு சிறு சலுகை இருக்கிறது. பெயரில் இன்கார்ப்பரேட்டட், இன்க், கார்ப்பரேஷன், கார்ப், பி.சி. என்று முழுதாகவோ சுருக்கமாகவோ இருந்தால் அதைக் கார்ப்பரேஷனாக எடுத்துக்கொள்ளலாம். "கம்பெனி", "கோ" என்பவை போதாது. எல்எல்சியும் போதாது.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

பிளம்பர் எஸ் என்று எழுதியிருக்கிறார், 1099 வேண்டாம். அந்த டபிள்யூ-9ஐக் கோப்பில் வையுங்கள். நாளைக்கு ஏன் அனுப்பவில்லை என்று ஆடிட்டில் கேட்டால் அதுதான் பதில்.

மெக்கானிக்கின் டபிள்யூ-9 தப்பு. ஒற்றை உரிமையாளர் எல்எல்சி என்றால் முதல் வரியில் உரிமையாளரின் சொந்தப் பெயர், இரண்டாம் வரியில் எல்எல்சி பெயர். டிக் தனிநபர் கட்டத்தில், அதை அவர் சரியாகவே செய்திருக்கிறார். வரி எண்ணாக உரிமையாளரின் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) அல்லது உரிமையாளர் பெயரில் உள்ள இஐஎன் (தொழிலுக்கான வரி எண்) வர வேண்டும். எல்எல்சிக்கு வாங்கிய இஐஎன்னைப் போடக் கூடாது. முக்கால்வாசிப் பேர் இடறுகிற இடம் இதுதான். எல்எல்சி பெயரையும் எல்எல்சி இஐஎன்னையும் போட்டு நீங்கள் 1099 அனுப்பினால், ஐஆர்எஸ் கணினியில் பெயரும் எண்ணும் பொருந்தாமல் போய், ஒரு வருடம் கழித்து சிபி2100ஏ என்ற கடிதம் உங்களுக்கு வரும். புது டபிள்யூ-9 கேட்டு வாங்கிவிட்டு, 1099லும் அதே வரிசையில் எழுதுங்கள்.

ஹூட் சுத்தம்: ஃபில்டர் விலையைக் கழிக்கக் கூடாது. வேலையோடு சேர்ந்து வருகிற உதிரிப்பாகங்களும் சேவைக்கான பணமாகவே கணக்கு. 1099-என்இசி (ஊழியர் அல்லாதவருக்கான ஊதியப் படிவம்), கட்டம் 1ல் 4,200 முழுதும்.

வாடகை: எழுத்து பி, அதாவது பார்ட்னர்ஷிப். 1099-மிஸ்க் (வாடகை போன்ற இதர வருமானத்துக்கான படிவம்), கட்டம் 1ல் 64,800. என்இசியில் போடாதீர்கள். போட்டால் வாடகை வருமானத்தைச் சுயதொழில் வருமானமாக எடுத்துக்கொண்டு அவர்களுக்குக் கேள்வி வரும். திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் ஏதாவது 2025ல் கொடுத்திருந்தால் அது வாடகை ஆகாது, சேர்க்க வேண்டாம். வாடகை செக் சொத்து மேலாண்மை நிறுவனத்துக்குப் போகிறது என்றால் நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். உரிமையாளருக்கு அனுப்புவது அந்த நிறுவனத்தின் வேலை.

வழக்கறிஞர் பி.சி. ஆக இருந்தாலும் விலக்கு கிடையாது. வழக்கறிஞர் கட்டணம் கார்ப்பரேஷனுக்குப் போனாலும் 1099-என்இசி கட்டம் 1ல் வந்தாக வேண்டும். மருத்துவக் கட்டணமும் இப்படித்தான், அது 1099-மிஸ்க் கட்டம் 6.

காய்கறி சரக்கு. சரக்குக்கு 1099 கிடையாது, 38,000 ஆனாலும் 3 லட்சம் ஆனாலும்.

---

கொலம்பஸ்_வாசகர்

வரம்பு இப்போது 2,000 டாலர் ஆகிவிட்டதே? மெக்கானிக்குக் கொடுத்தது 1,850தான். அவரை விட்டுவிடலாம் அல்லவா?

---

பேரேடு

இல்லை. 2,000 என்பது 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் பணத்துக்கு. 2025ல் கொடுத்ததற்குப் பழைய 600 டாலர்தான், இப்போது நீங்கள் தாக்கல் செய்கிற படிவங்களுக்கு அதுதான் பொருந்தும். 1954ல் இருந்து மாறாமல் கிடந்த தொகை 2025 ஜூலையில் வந்த சட்டத்தில் மாறியது. 2027ல் இருந்து விலைவாசிக்கேற்ப ஏறும்.

இன்வாய்ஸ் தேதி எது என்பது பொருட்டல்ல, பணம் கொடுத்த தேதிதான். டிசம்பர் இன்வாய்ஸுக்கு 2026 ஜனவரியில் செக் கொடுத்திருந்தால் அது 2026 கணக்கு, புது வரம்பு. ஒன்றை மறக்காதீர்கள்: வரம்புக்குக் கீழே இருந்தால் நீங்கள் படிவம் அனுப்ப வேண்டாம் என்பது மட்டும்தான் பொருள். வாங்கியவருக்கு அது வருமானம்தான், அவர் காட்டியாக வேண்டும்.

---

ஓக்ட்ரீ_கணக்கர்

பேரேடு விட்ட இடத்தில் இருந்து, பணம் எந்த வழியில் போனது என்பதைப் பற்றி. இதைக் கவனிக்காததால் ஒரே பணம் இரண்டு முறை ஐஆர்எஸ்ஸுக்குப் போகிறது.

கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, பேபாலில் வணிகக் கணக்குக்கு அனுப்பியது: இவற்றை நீங்கள் 1099-என்இசியிலோ மிஸ்க்கிலோ காட்டக் கூடாது. அவை 1099-கே (பணப்பரிமாற்ற நிறுவனங்கள் அனுப்பும் 1099) வரம்புக்குள் வருமா வராதா என்பது அந்தப் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பொறுப்பு. செக், ரொக்கம், ஏசிஹெச் (வங்கிக் கணக்கு வழி மின்னணுப் பரிமாற்றம்), வயர், செல்: இவை எல்லாம் உங்கள் பொறுப்பு. செல் வங்கிக்கு வங்கி நேராகப் பணத்தை நகர்த்துகிறது, 1099-கே அனுப்புவதில்லை. ஆகவே மெக்கானிக்கின் 1,850 உங்கள் படிவத்தில்தான் வரவேண்டும்.

மெனு கார்டு வடிவமைத்தவருக்கு மொத்தம் 1,200 என்றாலும், கார்டில் போன 700ஐ ஒதுக்கினால் மிஞ்சுவது 500. 600க்குக் கீழே. படிவம் தேவையில்லை. குவிக்புக்ஸில் கார்டு பேமென்ட்டையும் செக் என்றே பதிந்து வைத்திருந்தால் மென்பொருள் 1,200ஐயும் இழுத்து 1099ல் போட்டுவிடும். ஜனவரியில் அறிக்கை எடுக்கும் முன் ஒவ்வொரு வெண்டருக்கும் எந்தக் கணக்கில் இருந்து பணம் போனது என்று ஒருமுறை பாருங்கள்.

"எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள், தப்பில்லை" என்ற யோசனை நியாயமே இல்லை. கார்டில் வாங்கியவருக்கு நீங்களும் 1099 அனுப்பினால் அவர் வருமானம் ஐஆர்எஸ் கணக்கில் இரட்டிப்பாகும். விளக்கம் சொல்லி அலைவது அவர்.

---

எடிசன்_சமையற்கட்டு

மிக்க நன்றி, இருவருக்கும். ஹூட் சுத்தம் செய்பவர் டபிள்யூ-9 தரமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். எண் இல்லாமல் எப்படித் தாக்கல் செய்வது? இன்னொன்று, படிவத்தை ஐஆர்எஸ் தளத்தில் இருந்து பிரின்ட் எடுத்துத் தபாலில் அனுப்பினால் போதுமா? கோயம்புத்தூர் நண்பர், தோசை மாஸ்டர் இருவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

---

ஓக்ட்ரீ_கணக்கர்

முதலில் தபால். உங்களால் தபாலில் அனுப்பவே முடியாது. 2024ல் இருந்து, எல்லா வகைப் படிவங்களையும் கூட்டி 10 வந்தால் மின்னணு முறையில்தான் தாக்கல் செய்ய வேண்டும். டபிள்யூ-2வும் இந்தக் கூட்டலில் சேரும். உங்களுக்கு டபிள்யூ-2 ஆறு, 1099 நான்கு (ஹூட், மெக்கானிக், வாடகை, வழக்கறிஞர்). சரியாக 10. "நாலே நாலு 1099தானே" என்று நினைத்துச் சிவப்பு மையில் அச்சிட்ட படிவத்தையும் அதோடு போகும் முகப்புப் படிவமான 1096ஐயும் அனுப்பி அபராதம் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். 10க்குக் கீழே இருப்பவர்களும் ஐஆர்எஸ்ஸுக்குப் போகும் பிரதியான காப்பி ஏயை இணையத்தில் இருந்து பிரின்ட் எடுத்து அனுப்பக் கூடாது, அது ஸ்கேன் ஆகாது. ஐஆர்எஸ்ஸிடம் இலவசமாகத் தருவித்தோ கடையில் வாங்கியோதான் அனுப்ப வேண்டும்.

மின்னணு முறைக்கு ஐஆர்எஸ்ஸின் ஐரிஸ் தளம் இலவசம். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யலாம், அல்லது சிஎஸ்வி கோப்பில் ஒரு தடவைக்கு 100 வரை ஏற்றலாம். ஆனால் அதற்கு டிசிசி என்ற குறியீட்டு எண் வேண்டும், விண்ணப்பித்தால் 45 நாள் வரை ஆகலாம். பழைய ஃபயர் தளத்துக்கு வாங்கிய டிசிசி இதற்குச் செல்லாது. இன்று ஜனவரி 6. இந்த வருடத்துக்கு அதை நம்பாதீர்கள். படிவத்துக்குச் சில டாலர் வாங்குகிற தனியார் தாக்கல் சேவை ஒன்றில் நான்கையும் முடியுங்கள், கூடவே அடுத்த வருடத்துக்கு ஐரிஸ் டிசிசிக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். டபிள்யூ-2 ஐஆர்எஸ்ஸுக்கு அல்ல, சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்குப் போகிறது, அது வேறு தளம்.

தேதிகள்: 1099-என்இசி, வாங்கியவருக்கும் ஐஆர்எஸ்ஸுக்கும் ஒரே நாள், ஜனவரி 31. இந்த முறை அது சனிக்கிழமை, ஆகவே பிப்ரவரி 2 திங்கள். வாடகைக்கான 1099-மிஸ்க் உரிமையாளருக்கு அதே பிப்ரவரி 2, ஐஆர்எஸ்ஸுக்கு மின்னணுவில் மார்ச் 31 வரை. என்இசிக்குத் தானாகக் கிடைக்கும் அவகாசம் கிடையாது. அவகாசம் கேட்கும் படிவமான 8809ஐக் காகிதத்தில், காரணம் காட்டித்தான் கேட்க வேண்டும்.

தாமத அபராதம் இந்த ஆண்டு தாக்கலுக்கு: 30 நாளுக்குள் 60 டாலர், ஆகஸ்ட் 1க்குள் 130, அதற்குப் பின் அல்லது அனுப்பாமலே விட்டால் 340. இது படிவம் ஒன்றுக்கு. வாங்கியவருக்குக் காப்பி தராததற்குத் தனியாக இன்னொரு 340. வேண்டுமென்றே விட்டதாகத் தெரிந்தால் குறைந்தது 680, உச்ச வரம்பும் கிடையாது.

இனி டபிள்யூ-9 தராதவர். வரி எண் கட்டத்தை வெறுமையாக விட்டு 1099ஐக் கட்டாயம் தாக்கல் செய்யுங்கள். எண் இல்லை என்பதற்காக அனுப்பாமல் விடுவதுதான் பெரிய தப்பு. நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும்: வேலை கொடுக்கும்போது ஒருமுறை, அதே ஆண்டு டிசம்பர் 31க்குள் ஒருமுறை, அடுத்த ஆண்டு டிசம்பர் 31க்குள் இன்னொரு முறை. மின்னஞ்சலே போதும், தேதியோடு சேமித்து வையுங்கள். அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கும்போது இதுதான் கையில் இருக்கும் ஆயுதம்.

இனிமேல் அவருக்குக் கொடுக்கும் பணத்தில் 24 சதவீதம் பிடித்து ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும். 1,000 டாலர் வேலை என்றால் அவர் கைக்கு 760. பிடித்தது வருடக் கடைசியில் படிவம் 945லும் அவருடைய 1099-என்இசி கட்டம் 4லும் வரும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். பல பேர் டபிள்யூ-9 தருவது அந்த நிமிடத்தில்தான். 2025ல் பிடிக்காமல் விட்ட வரிக்கு உங்களைப் பொறுப்பாக்க ஐஆர்எஸ்ஸால் முடியும். அவர் அந்த வருமானத்தைக் காட்டி வரி கட்டியிருந்தால், படிவம் 4669ல் அவர் கையெழுத்து வாங்கி படிவம் 4670உடன் கொடுத்து அதில் இருந்து விடுபடலாம்.

---

பேரேடு

பெயர் பொருந்தாமல் போவதைப் பற்றி ஒரு விஷயம், நம்மவர்களுக்கு மிக முக்கியம். ஐஆர்எஸ் முழுப் பெயரையும் ஒப்பிடுவதில்லை. தனிநபர் என்றால் கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்தை எடுத்து எண்ணோடு ஒப்பிடும். பார்ட்னர்ஷிப், கார்ப்பரேஷன் என்றால் வணிகப் பெயரின் முதல் நான்கு எழுத்து. தமிழர்கள் பலருக்கு அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக ஏறி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் அப்படியே வந்திருக்கும். விசிட்டிங் கார்டிலும் இன்வாய்ஸிலும் வெறும் இனிஷியலோடு சொந்தப் பெயர் இருக்கும். நீங்கள் இன்வாய்ஸைப் பார்த்து வெண்டர் பெயரைப் பதிந்தால் அந்த நான்கு எழுத்து நிச்சயம் பொருந்தாது. டபிள்யூ-9ன் முதல் வரி சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஐஆர்எஸ்ஸின் டின் மேட்சிங் சேவையில் தாக்கலுக்கு முன்பே பெயரையும் எண்ணையும் சோதிக்கலாம், காசு கிடையாது.

அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால், தொகை மட்டும் தப்பு என்றால் திருத்தம் என்ற கட்டத்தில் டிக் போட்டுச் சரியான தொகையோடு ஒரு படிவம். பெயரோ எண்ணோ தப்பு என்றால், அல்லது என்இசிக்குப் பதில் மிஸ்க் அனுப்பிவிட்டீர்கள் என்றால், இரண்டு படிவம்: பழையதை அதே தப்பான விவரத்தோடு, தொகை 0 என்று திருத்தமாக, பிறகு சரியான விவரத்தோடு புதிதாக ஒன்று, இதில் திருத்தம் என்ற டிக் இருக்கக் கூடாது. முதல் படியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தால் இரண்டு வருமானமாக நிற்கும். தொகையில் 100 டாலருக்கு உட்பட்ட வித்தியாசம் என்றால், வாங்கியவர் வற்புறுத்தாத வரை, திருத்தாமல் விட்டாலும் அபராதம் இல்லை.

---

கொலம்பஸ்_வாசகர்

கோயம்புத்தூர் விஷயம் எனக்குத் தெரிந்தது, சொல்கிறேன். அவர் அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லை, வேலை முழுவதும் இந்தியாவில் உட்கார்ந்தே செய்தார் என்றால் 1099 கிடையாது, வெளிநாட்டவரின் அமெரிக்க வருமானத்துக்கான 1042-எஸ்ஸும் கிடையாது, பிடித்தமும் இல்லை. சேவை எங்கே செய்யப்பட்டதோ அங்கே உண்டான வருமானம் என்பதுதான் விதி. ஆனால் கோப்பில் டபிள்யூ-8பென் (தான் வெளிநாட்டவர் என்று அவர் எழுதித் தரும் படிவம்) இருக்க வேண்டும். அவர் கம்பெனியாக இன்வாய்ஸ் போட்டிருந்தால் டபிள்யூ-8பென்-இ. ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டாம், உங்களிடமே வைத்துக்கொள்வது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை பொதுவாகச் செல்லும். வேலை இந்தியாவில் செய்யப்பட்டது என்று இன்வாய்ஸிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர் வெப்சைட் செய்து கொடுத்ததற்கு அல்லாமல், தன் மென்பொருளை நீங்கள் பயன்படுத்த உரிமம் தந்ததற்குப் பணம் என்றால் அது ராயல்டி. இங்கே பயன்படுத்துவதால் அமெரிக்க வருமானம் ஆகிவிடும், பிடித்தமும் 1042-எஸ்ஸும் வரும். ஒப்பந்தத்தில் எது என்று பாருங்கள்.

---

ஓக்ட்ரீ_கணக்கர்

தோசை மாஸ்டருக்கு வருகிறேன். மற்ற எட்டையும் விட இதுதான் உங்களுக்கு ஆபத்தானது.

அவரிடம் எல்எல்சி இருப்பதால் அவர் வெளியாள் ஆகிவிட மாட்டார். எத்தனை மணிக்கு வரவேண்டும், என்ன மாவு, என்ன விலை என்று நீங்கள் சொல்கிறீர்கள்; கல்லும் கிரைண்டரும் உங்களுடையவை; வாரா வாரம் ஒரே தொகை; வேலைக்கு முடிவுத் தேதி இல்லை. ஐஆர்எஸ் பார்க்கிற மூன்று கோணமும், அதாவது வேலையின் மீதான அதிகாரம், பணத்தின் மீதான அதிகாரம், உறவின் தன்மை, அவரை ஊழியர் என்றே காட்டும். நியூஜெர்சி இன்னும் கறார். அங்கே ஏபிசி சோதனை: உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதவராக இருக்க வேண்டும், வேலை உங்கள் வழக்கமான தொழிலுக்கு வெளியே அல்லது உங்கள் இடங்களுக்கு வெளியே நடக்க வேண்டும், அவருக்கென்று தனியாக நிலைத்த தொழில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வெளியாள். தோசைக் கடைக்குள் தோசை ஊற்றுபவர் இரண்டாவதிலேயே விழுந்துவிடுவார்.

ஆகவே அவருக்கு 1099-என்இசி சரியான படிவம் இல்லை, டபிள்யூ-2தான். 2025ன் நான்கு காலாண்டுக்கும் 941-எக்ஸ் (ஊழியர் வரிக்கான காலாண்டுக் கணக்கைத் திருத்தும் படிவம்) போட வேண்டிவரும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியில் நீங்கள் கட்டாமல் விட்ட முதலாளி பங்கு 7.65 சதவீதம், 52 வாரத்துக்கான 46,800க்கு 3,580 டாலர் 20 சென்ட். அதோடு அவரிடம் பிடிக்க வேண்டியதும் இருக்கிறது.

---

பேரேடு

இங்கே ஒரு சிறு மாறுபாடு. முந்தைய மூன்று வருடமும் அவருக்கு 1099 ஒழுங்காக அனுப்பியிருந்தால், ஆடிட் எதுவும் தொடங்காத நிலையில், படிவம் 8952 மூலம் ஐஆர்எஸ்ஸின் தன்னார்வத் தீர்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி ஆண்டுக்குச் சலுகை விகிதத்தில் கணக்கிட்ட வரியில் 10 சதவீதம் மட்டும் கட்டி, இனிமேல் ஊழியராக நடத்த ஒப்புக்கொள்வது. 941-எக்ஸை விட மிகக் குறைவு. ஆனால் அது மத்திய வரிக்கு மட்டும். நியூஜெர்சி தொழிலாளர் துறையை அது கட்டுப்படுத்தாது.

இதுவரை 1099 அனுப்பியதே இல்லை என்றால் இந்த வழி மூடியிருக்கிறது. ஐஆர்எஸ்ஸே வந்து கண்டுபிடித்தால், 1099 அனுப்பியவருக்குச் சம்பளத்தில் 1.5 சதவீதமும் எஃப்ஐசிஏவில் (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) ஊழியர் பங்கில் 20 சதவீதமும் போடுவார்கள். அனுப்பாதவருக்கு இது 3 சதவீதமும் 40 சதவீதமுமாக இரட்டிப்பு ஆகும். முந்தைய ஆண்டுகளில் என்ன படிவம் போனது என்று எடுத்து வைத்துக்கொண்டு, பிப்ரவரி 2க்கு முன்பே ஊழியர் வரி பார்க்கிற ஒரு சிபிஏவிடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) இந்த ஒன்றை மட்டும் காட்டுங்கள். அதுவரை அவருக்கு எந்தப் படிவமும் அனுப்ப வேண்டாம். ஒரே பணத்துக்கு 1099ம் டபிள்யூ-2வும் இரண்டும் போய்விடக் கூடாது.

---

எடிசன்_சமையற்கட்டு

2023, 2024 இரண்டு ஆண்டுக்கும் 1099 அனுப்பியிருக்கிறோம். 2022ல் அவர் இங்கே வேலை செய்யவில்லை. அப்போதும் 8952 பொருந்துமா?

---

பேரேடு

பொருந்தும். அவரைப் போன்ற வேலையாட்களுக்கு, அவர்கள் உங்களிடம் இருந்த காலத்துக்குத் தேவைப்பட்ட 1099கள் போயிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2022ல் வேறொரு மாஸ்டருக்குச் செக் கொடுத்திருந்தால் அவருக்கு 1099 போனதா என்று பாருங்கள், அது விட்டுப்போயிருந்தால் சிக்கல். 2025க்கான படிவத்தை என்ன செய்வது என்பதையும் அதே சிபிஏவிடம் கேட்டு விண்ணப்பத்தோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.